பிளேட்லெட் குறைவு என்பதற்காக மண்ணீரலை எடுத்துவிடலாமா?

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நீண்ட கடிதம். அதன் சாரம் இது:

"என் வீட்டுக்காரருக்கு 47 வயது. விசைத்தறி ஓட்டுகிறார். குடிப்பழக்கம் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்பு, மஞ்சள் காமாலை பி கிருமியால் கல்லீரல் சுருங்கிவிட்டது, சிரோசிஸ் என்று சொன்னார்கள். போன ஐப்பசியில் ரத்தமாக வாந்தி எடுத்தார். என்டோஸ்கோபி செய்து உணவுக்குழாயில் ரப்பர் வளையம் போட்டார்கள். இரண்டு தடவை போட்டதோடு சரி, அப்புறம் போகவில்லை. பிரஷர் மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அவருக்குத்தான் பிரஷரே இல்லையே என்று நிறுத்திவிட்டோம். ஈரலுக்கு நாட்டு மருந்து ஆரம்பித்ததால் கிருமி மாத்திரையும் நான்கு மாதமாக இல்லை.

இப்போது பிளேட்லெட் 43,000, வெள்ளையணு 2,400, மண்ணீரல் 18 சென்டிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அடிக்கடி சளி, காய்ச்சல் வருகிறது. கடைவாய்ப் பல் சொத்தையாகி வலியில் துடிக்கிறார். பிளேட்லெட் ஏறாமல் பல்லைப் பிடுங்க முடியாது என்கிறார் பல் டாக்டர். பப்பாளி இலைச் சாறு கொடுத்துப் பார்த்தோம், ஏறவில்லை. மண்ணீரல்தான் ரத்த அணுக்களைத் தின்கிறது, அதை எடுத்துவிட்டால் கவுன்ட்டும் ஏறும், எதிர்ப்பு சக்தியும் கூடும் என்று தெரிந்தவர் சொன்னார். என் பெரியப்பா மகனுக்கு 22 வயதில் மண்ணீரலை எடுத்தார்கள். 15 வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் கேட்டோம், செய்யலாம் என்றார்கள். தையில் மகள் கல்யாணம். அதற்குள் செய்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளை நிதானமாகப் படித்தேன். பிலிருபின் 1.4, அல்புமின் 3.4, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.3. வயிற்றில் நீர் இல்லை. குழப்பமாகப் பேசுவது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது போன்ற அறிகுறிகளும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிரோசிஸை நாங்கள் ஏ, பி, சி என்று தரம் பிரிப்போம். இந்தக் கணக்கில் உங்கள் கணவர், கல்லீரல் ஓரளவு நன்றாக உள்ள ஏ பிரிவில் வருகிறார். ஒருமுறை ரத்த வாந்தி எடுத்தவர் என்பதால் இதை லேசான நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கல்லீரல் இன்னும் நிறையவே மிச்சம் இருக்கிறது. என் பதில் முழுவதையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

மண்ணீரலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள் என்னைப் பதற வைத்தன. நிறுத்திய அந்த இரண்டு மாத்திரைகளைத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு மாத்திரைகள்

கிருமி மாத்திரை என்று நீங்கள் எழுதியிருப்பது டெனோபோவிர். ஹெபடைடிஸ் பி வைரஸை அது முழுதாக விரட்டாது, பெருக விடாமல் அடக்கி வைக்கும். மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பும், உடம்பு அதை எதிர்க்கும்போது கல்லீரல் செல்கள் கூட்டமாக அழியும். நல்ல கல்லீரல் உள்ளவர் இதைத் தாங்கலாம். சிரோசிஸ் உள்ளவருக்கு சில வாரங்களில் மஞ்சள் காமாலை ஏறி, வயிற்றில் நீர் கோத்து, கல்லீரல் செயலிழப்பு வரைக்கும் போகும். சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் இந்த மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். நாட்டு மருந்து கொடுத்தவர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். ஆனால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பழுதான கல்லீரலை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இந்த வாரமே உங்கள் குடல், கல்லீரல் மருத்துவரிடம் போங்கள். கல்லீரல் பரிசோதனை, கிரியாட்டினின், ரத்தத்தில் வைரஸின் அளவு, இந்த மூன்றையும் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்குவார். செலவு யோசனையில் நிறுத்தியிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. அதன் சிகிச்சை மையங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்குகின்றன. அங்கே இந்த மாத்திரை இலவசம்.

இரண்டாவது, பிரஷர் மாத்திரை. உங்கள் கணவருக்கு ரத்தக்கொதிப்பு இல்லை என்று நீங்கள் நினைத்தது சரிதான். அந்த மாத்திரையை எழுதியதும் ரத்தக்கொதிப்புக்காக அல்ல. கார்வெடிலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் ஏறியிருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். மறுபடி ரத்த வாந்தி வராமல் காப்பது வளையமும் இந்த மாத்திரையும் சேர்ந்துதான். எழுதிக் கொடுத்தவர் இதை ஒரு நிமிடம் விளக்கியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்கவே மாட்டீர்கள். மருத்துவர்களான எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் குறை இது. ஆனால் பழைய சீட்டைப் பார்த்து நீங்களாக மறுபடி ஆரம்பிக்காதீர்கள். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். மேல் அழுத்தம் 90க்குக் கீழே போகிறவர்களுக்கு இது ஆகாது. என்டோஸ்கோபியும் ஒருமுறை செய்யச் சொல்வார்கள். உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்கள் முழுதாக அடங்கும்வரை சில வாரங்களுக்கு ஒருமுறை வளையம் போட்டுக்கொண்டே வர வேண்டும். இரண்டு தடவையோடு நிறுத்தியது பாதியில் விட்ட வேலை.

மண்ணீரல் ஏன் வீங்கியது

மண்ணீரல் இடது விலாவுக்கு அடியில், சுமார் 150 கிராம் எடையில், 11, 12 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும் உறுப்பு. உங்கள் கணவருக்கு அது 18 சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது. இதில் மண்ணீரலின் குற்றம் எதுவும் இல்லை. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். தழும்பேறி இறுகிய கல்லீரல் அதை உள்ளே விடுவதில்லை. மதகை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் பின்வாங்கி மேல் வயலில் தேங்குகிற மாதிரி, அந்த ரத்தம் பின்வாங்கி மண்ணீரலில் தேங்குகிறது. உணவுக்குழாயில் குழாய்கள் புடைத்ததும் இதே காரணத்தால்தான்.

சாதாரணமாகவே நம் பிளேட்லெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். அது பெரிதாக வீங்கும்போது 90 சதவீதம் வரைகூட அங்கே போய்த் தங்கிவிடும். ஆகவே 'தின்கிறது' என்று உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது பாதி உண்மை. தின்பதைவிடப் பிடித்து வைத்துக்கொள்வது அதிகம். இன்னொரு காரணமும் உண்டு. பிளேட்லெட்டை உற்பத்தி செய் என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் திராம்போபொயட்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் கல்லீரலில்தான் சுரக்கிறது. கல்லீரல் பழுதானால் அந்த உத்தரவும் குறைந்துபோகும். பப்பாளி இலைச் சாற்றால் இந்த இரண்டில் எதையும் மாற்ற முடியாது. வெளியிலிருந்து பிளேட்லெட் ஏற்றினாலும் கொஞ்ச நேரத்தில் அதுவும் மண்ணீரலுக்குள் போய்விடும்.

43,000 என்ற எண்

டெங்கு வந்த பிறகு தமிழ்நாட்டில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடே இல்லை. எண் இறங்கினால் ரத்தம் கொட்டிவிடும் என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. டெங்குவில் நாலைந்து நாளில் திடீரென்று எண் சரியும். சிரோசிஸில் வருடக்கணக்கில் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிற்கும். இரண்டையும் ஒரே பயத்தோடு பார்க்க வேண்டாம்.

சிரோசிஸில் ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள் குறைவது உண்மை. ஆனால் உறையாமல் தடுக்கும் புரோட்டீன் சி, ஆன்டித்ராம்பின் போன்றவையும் கல்லீரலில்தான் உற்பத்தியாகின்றன, அவையும் கூடவே குறைகின்றன. பிளேட்லெட்டை ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்ட வைக்கும் வான் வில்பிராண்ட் என்ற பொருள் இவர்களுக்கு அதிகமாக இருக்கும். இரண்டு பக்கமும் இறங்கி தராசு ஏறக்குறைய நேராகவே நிற்கிறது. அதனால்தான் 40,000, 50,000 பிளேட்லெட்டோடு பலர் வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அப்படியானால் ஐப்பசியில் வந்த ரத்தம்? அது பிளேட்லெட் குறைவால் வந்ததல்ல. உணவுக்குழாயில் புடைத்த குழாய் அழுத்தம் தாங்காமல் வெடித்து வந்தது. கவுன்ட்டை 2 லட்சத்துக்கு ஏற்றியிருந்தாலும் அந்தக் குழாய் வெடித்திருக்கும். அதனால்தான் அந்தப் பிரஷர் மாத்திரையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

எதிர்ப்பு சக்தி கூடுமா?

உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது இதுதான். மண்ணீரலை எடுத்த சில நாட்களில் பிளேட்லெட்டும் வெள்ளையணுவும் ஏறும், இதில் சந்தேகமில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தால் நோய் குணமான மாதிரியே இருக்கும். ஆனால் வெள்ளையணுவின் எண்ணிக்கை வேறு, கிருமியை எதிர்க்கும் திறன் வேறு.

ரத்தத்தில் நுழையும் கிருமிகளை வடிகட்டிப் பிடிக்க உடம்பில் இரண்டு பெரிய இடங்கள் இருக்கின்றன: கல்லீரல், மண்ணீரல். உடம்பில் ஓரிடத்தில் தங்கிக் கிருமியை விழுங்கும் செல்களில் 80 முதல் 90 சதவீதம் கல்லீரலில் இருக்கின்றன. சிரோசிஸில் அவை சரியாக வேலை செய்வதில்லை. குடலிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமலே பக்கவழியாகப் போய்விடுகிறது. கிருமியின் மேல் படிந்து அதை அடையாளம் காட்டும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் கல்லீரலில்தான் உற்பத்தியாகின்றன, அவையும் குறைகின்றன. ஆக, முதல் வடிகட்டி ஏற்கெனவே பழுது. உங்கள் கணவருக்கு இப்போது மிச்சம் இருப்பது இரண்டாவது.

அந்த இரண்டாவது வடிகட்டிக்கென்று தனி வேலையும் இருக்கிறது. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் போன்ற கிருமிகள் சர்க்கரைப் பொருளால் ஆன உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டு வரும். சாதாரண வெள்ளையணுக்களின் பிடியில் அவை எளிதில் சிக்காது. மண்ணீரலில் உள்ள ஒரு வகை பி செல்கள் அந்த உறைக்கு எதிராக உடனடியாக ஆன்டிபாடியை விடும், அங்கேயே இருக்கும் விழுங்கு செல்கள் கிருமியைப் பிடித்துவிடும். மண்ணீரல் இல்லாதவருக்கு இந்தக் கிருமிகளில் ஒன்று ரத்தத்தில் நுழைந்தால், காலையில் சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி என்று தொடங்கி ஒரு நாள், இரண்டு நாளுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். அடிக்கடி வருவதில்லை. வந்தால் ஏறக்குறைய பாதிப் பேரை இழக்கிறோம். முதல் இரண்டு, மூன்று வருடங்களில் ஆபத்து அதிகம், ஆனால் அதற்கு அப்புறமும் ஆயுள் முழுக்கத் தொடரும். மண்ணீரல் இல்லாமலே வாழலாம், அது வேண்டாத உறுப்பு என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள், மண்ணீரல் எடுத்த குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று வந்ததை எழுதிய பிறகுதான் இந்த எண்ணம் மாறத் தொடங்கியது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலும் சீனாவிலும் சிரோசிஸ் நோயாளிகளுக்கு இந்த அறுவை சிகிச்சையை நம்மைவிட அதிகமாகச் செய்கிறார்கள். அதன் பிறகு ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களின் விகிதம் சீராவதாகச் சில ஆய்வுகளும் வந்திருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்தவர் இதைத்தான் எங்காவது படித்திருக்கலாம். அவை பெரும்பாலும் கல்லீரல் ஓரளவு நன்றாக உள்ளவர்களாகப் பொறுக்கியெடுத்து, தேர்ந்த குழுக்கள் செய்த சிகிச்சைகள். ஆய்வகத்தில் எண் சீரானது என்பதை வைத்து, உங்கள் கணவருக்கு இனிமேல் நோய்த்தொற்று குறையும் என்று என்னால் சொல்ல முடியாது.

எதிர்ப்பு சக்திக்கு என்று சொல்லி சீந்தில் கொடி கஷாயம் கொடுக்கவும் யாராவது சொல்லக்கூடும். கொரோனா காலத்தில் அதைத் தொடர்ந்து குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். வேண்டாம்.

உங்கள் அண்ணனின் கதை வேறு

பெரியப்பா மகனுக்கு எதற்காக எடுத்தார்கள் என்று பழைய டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பாருங்கள். 22 வயதில் என்றால், என் ஊகம், கல்லீரலுக்கு வெளியே போர்ட்டல் குழாய் அடைத்துப் போன நோயாக இருக்கலாம், அல்லது சிரோசிஸ் இல்லாமலே போர்ட்டல் அழுத்தம் ஏறும் நோயாக இருக்கலாம். இரண்டுமே நம் நாட்டில் இளவயதினரிடம் காணப்படுபவை. அவற்றில் மண்ணீரல் பிரமாண்டமாக வீங்கும், ரத்த வாந்தியும் வரும், ஆனால் கல்லீரல் ஏறக்குறைய நல்ல நிலையில் இருக்கும். மண்ணீரலை எடுத்துவிட்டு அதன் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைத்தால் பலர் பல்லாண்டு நன்றாக வாழ்கிறார்கள். அங்கே முதல் வடிகட்டி வேலை செய்துகொண்டிருக்கிறது, உங்கள் வீட்டில் அப்படி இல்லை. அண்ணனிடமும் ஒன்று கேளுங்கள், தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று. இல்லையென்றால் 15 வருடம் கழித்துப் போட்டாலும் பலன் உண்டு.

அறுவை சிகிச்சையில் என்ன ஆகலாம்

போர்ட்டல் அழுத்தம் ஏறிய வயிற்றில் மண்ணீரலைச் சுற்றி விரல் மொத்தத்துக்குப் புடைத்த குழாய்கள் இருக்கும். ரத்த இழப்பு ஒரு ஆபத்து. பக்கத்தில் கணையத்தின் வால்பகுதி இருக்கிறது, அதில் காயம் படலாம். மயக்க மருந்தும் அறுவையும் சேர்ந்து, இதுவரை சமாளித்துக்கொண்டிருந்த கல்லீரலைத் தடுமாற வைத்து வயிற்றில் நீர் கோக்க வைக்கலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மண்ணீரலை எடுத்ததும் போர்ட்டல் குழாயில் ரத்த ஓட்டம் மந்தமாகும், அதே சமயம் பிளேட்லெட் வேகமாக ஏறும். இரண்டும் சேர்ந்தால் அந்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். சிரோசிஸ் நோயாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளில் கால்வாசிப் பேருக்கும் மேல் இப்படி ஆகியிருக்கிறது. நாளைக்கு உங்கள் கணவருக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சை தேவைப்பட்டால், புதுக் கல்லீரலை இணைக்க அந்தப் போர்ட்டல் குழாய்தான் வேண்டும். அது அடைபட்டிருந்தால் மாற்று சிகிச்சை சிக்கலாகும், சிலருக்குக் கைவிட்டும் போகும். கவுன்ட்டுக்காக இதைப் பணயம் வைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

அறுவை இல்லாமல், தொடை வழியாகக் குழாய் விட்டு மண்ணீரலின் ஒரு பகுதிக்கு மட்டும் ரத்தத்தை அடைக்கும் முறையும் இருக்கிறது. மண்ணீரலில் கொஞ்சம் மிச்சம் இருப்பது நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு நாட்கணக்கில் வலி, காய்ச்சல் இருக்கும், சிலருக்குச் சீழ்க்கட்டி வரும், போர்ட்டல் குழாய் அடைப்பும் வரலாம். வேறு வழியில்லாத ஒரு தேவை வந்தால் யோசிக்கலாம்.

எப்போது நிஜமாகவே தேவை

கணைய அழற்சியால் மண்ணீரல் சிரை மட்டும் அடைத்து ரத்த வாந்தி வருபவர்களுக்கு, மண்ணீரலை எடுப்பதே தீர்வு. மண்ணீரல் தமனியில் வெடிக்கும் நிலையில் வீக்கம், மண்ணீரலில் அடங்காத சீழ்க்கட்டி, விபத்தில் கிழிவு என்று வந்தால் தயங்க முடியாது. வளையம், மாத்திரை, கல்லீரலுக்குள் வைக்கும் ஸ்டென்ட் எதற்கும் அடங்காத ரத்தக்கசிவுக்கும், கல்லீரல் மாற்று அறுவையின்போது ரத்த ஓட்டத்தைச் சீராக்கவும் சில சமயம் எடுப்பதுண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் இவற்றில் எதுவும் இல்லை.

அப்படியொரு நிலை என்றைக்காவது வந்தால், அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹீமோபிலஸ் பி தடுப்பூசிகளைப் போட்டிருக்க வேண்டும். அவசர அறுவை என்றால் இரண்டு வாரம் கழித்துப் போடலாம். சிலவற்றுக்கு அடுத்த டோஸும், மெனிங்கோகாக்கலுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பூஸ்டரும் உண்டு. மண்ணீரல் இல்லாதவர் வீட்டில் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், 'எனக்கு மண்ணீரல் இல்லை' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். நாய் கடித்தால், கீறல்தான் என்றாலும், ரேபிஸ் ஊசியோடு ஆன்டிபயாடிக்கும் கேட்க வேண்டும். நாயின் எச்சிலில் இருக்கும் ஒரு பாக்டீரியா இவர்களுக்கு விஷமாக மாறலாம்.

இப்போது செய்ய வேண்டியவை

பல்லை முதலில் சொல்கிறேன், அவர் வலியில் இருக்கிறார். சொத்தைப் பல்லில் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்தால் சிரோசிஸ் நோயாளிக்கு அது பெரிய ஆபத்து. அடிக்கடி வரும் காய்ச்சலுக்கு அந்தப் பல்லே காரணமாகவும் இருக்கலாம். ஒற்றைப் பல்லைப் பிடுங்க மண்ணீரலை எடுக்கத் தேவையில்லை. பல் மருத்துவப் பிரிவும் கல்லீரல் மருத்துவரும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பிடுங்கிய குழியில் ரத்தம் உறிஞ்சும் ஜெல் பஞ்சை வைத்துத் தையல் போட்டு, டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பெரும்பாலும் இதுவே போதும். இதைவிடப் பெரிய சிகிச்சைக்கு எண் ஏறியே ஆக வேண்டும் என்றால், அவாட்ரோம்போபாக் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. குறித்த தேதிக்கு 10, 13 நாள் முன்பு தொடங்கி ஐந்து நாள் சாப்பிடுவார்கள். ஏறும் எண் கொஞ்ச நாளில் இறங்கிவிடும், அந்தக் கொஞ்ச நாள்தான் நமக்குத் தேவை.

பல்வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஊசியாகவும் போட விடாதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கிளப்பும். பாராசிட்டமால் 500 மில்லிகிராம், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம்.

அடிக்கடி வரும் காய்ச்சலை 'சக்தி இல்லை' என்று விட்டுவிடாமல் காரணம் தேடச் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எதுவும் உங்கள் கோப்பில் இல்லை. நிமோகாக்கல் தடுப்பூசி, வருடாவருடம் ப்ளூ தடுப்பூசி, ஏற்கெனவே எதிர்ப்பு இல்லையென்றால் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி, இவை மண்ணீரல் இருக்கும்போதே சிரோசிஸ் நோயாளிகளுக்குத் தேவை. தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள். சாப்பாட்டில் பத்தியம் என்று பருப்பு, முட்டை, தயிரைக் குறைத்திருந்தால் மறுபடி கொடுங்கள். இரவு படுக்கும் முன் ஏதாவது சிற்றுண்டி, இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இவர்கள் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும், தசை கரைந்தால் தொற்றும் கூடவே வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் ஏஎப்பி ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். ஹெபடைடிஸ் பி சிரோசிஸில் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு உண்டு, சிறிதாக இருக்கும்போது பிடித்தால் வழி இருக்கிறது.

அந்த மருத்துவமனையில் கேளுங்கள்

செய்யலாம் என்று சொன்னவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மரியாதையாக இதைக் கேளுங்கள்: இவருக்கு மண்ணீரலை எடுக்க என்ன காரணம் என்று எழுதித் தர முடியுமா? போர்ட்டல் குழாயின் ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தீர்களா? அது அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? தடுப்பூசி எப்போது? கல்லீரல் மருத்துவர் சம்மதித்தாரா? எல்லாவற்றுக்கும் பதில் 'கவுன்ட் ஏறும்' என்பதாகவே இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் தெரிந்துகொண்ட பிறகு சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் கணவரின் உரிமை. மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான விதிமுறையே இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு, கல்லீரல் மாற்று வசதியுள்ள ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். மாற்று சிகிச்சை இப்போதே தேவை என்று நான் சொல்லவில்லை, அவர்கள் கோப்பில் பெயர் இருப்பது நல்லது.

தைக்குள் எதையும் அவசரமாக வெட்டியெடுக்க வேண்டியதில்லை. அதற்குள் இரண்டு மாத்திரைகளும் தொடங்கி, என்டோஸ்கோபி முடிந்து, பல்லும் போய்விட்டால் அவர் மணவறைக்கு முன்னால் நிம்மதியாக உட்காரலாம். நடுவில் கறுப்பாகத் தார் போல மலம் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, வயிறு வீங்கினாலோ, காய்ச்சலோடு வயிற்று வலி வந்தாலோ உடனே மருத்துவமனை. கல்யாண வேலை என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. ஹெபடைடிஸ் பி ரத்தம் வழியாகவும் தாம்பத்திய உறவு வழியாகவும் பிறப்பின்போது தாயிடமிருந்தும் பரவும் கிருமி. சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது, தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டியதில்லை. சவரக் கத்தியும் பல் பிரஷும் மட்டும் அவருடையது தனியாக இருக்கட்டும். நீங்கள், உங்கள் பிள்ளைகள், கணவரின் கூடப் பிறந்தவர்கள், முடிந்தால் அவருடைய அம்மா, எல்லோரும் எச்பிஎஸ் ஆன்டிஜன், அதற்கான ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். கிருமியும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று வந்தால் மூன்று தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒருவேளை கிருமி இருந்தாலும் கல்யாணத்துக்கு அது தடையில்லை. மாப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டால் அவருக்குப் பாதுகாப்பு. நாளை குழந்தை பிறக்கும்போது முதல் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கிருமி உள்ள தாயின் குழந்தைக்குக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டுவிட்டால், அந்தக் குழந்தைக்கு இது தொற்றாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.